நாற்பத்தொரு கவளம்

மறுகரை என்ற ஊரில் அமாவாசை வந்தால் காலை ஏழு மணிக்கே காட்சிக்கூடத்தில் வரிசை கட்டிவிடும். அந்த ஊருக்கு நிலா கிடையாது. ஆனாலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அமாவாசை தவறாது. குடும்பத்துக்கு ஒருவர் குளித்துவிட்டு வந்து, திரைக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை ஒருமுறை இழுப்பார். உடனே காந்தத் துடுப்புகள் ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் வாயுமேகத்தில் ஓர் உருண்டையைத் திரட்டி, நடுவனை நோக்கித் தள்ளிவிடும். அந்த உருண்டைக்குப் பெயர் கவளம். ஒரு கவளம் என்பது பூமி என்ற பழைய உலகத்தின் எடை. நாற்பத்தொரு குடும்பம், நாற்பத்தொரு கவளம். எட்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். பிறகு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

நடுவன் என்பது அந்த விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருந்த கருந்துளை. மண்டலம் சிறியது, நடுவன் மட்டும் பெரியவன். பல கோடிச் சூரியன்களின் எடை அவனுக்கு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அவனை நெருங்கி ஆராய ஒரு கண்ணாடித்தோணி போயிற்று. அதில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். பாதை பிசகித் தோணி உள்ளே விழுந்தது. ஆனால் கருந்துளையில் விழுகிறவர்கள், வெளியே இருந்து பார்க்கிறவர்களின் கண்ணுக்கு விழுந்து முடிவதே இல்லை. விளிம்பை நெருங்க நெருங்க, நம் கணக்குக்கு அங்கே காலம் இழுத்துக்கொண்டே போகும். அவர்கள் அந்தரத்தில் உறைந்து நிற்பதுபோல் தெரிவார்கள். விளிம்புக்கண் என்ற பெரிய தொலைநோக்கி அதைக் காட்சிக்கூடத்துத் திரைக்குக் கொண்டுவந்தது. தோணியின் சுவரெல்லாம் கண்ணாடி என்பதால் ஆளாளாகப் பார்க்க முடிந்தது. நடுவனுக்குள் விழும் வாயு தீயாய்ச் சுழன்று வெளிச்சம் தரும். அந்த வெளிச்சம் இருக்கும்வரை அவர்களைப் பார்க்கலாம் என்று ஊர் நம்பியது. வெளிச்சத்துக்காகப் போட ஆரம்பித்தது நாலைந்து வருடத்தில் படையல் ஆகிவிட்டது. அவர்களைச் செத்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. 'விளிம்பில் இருக்கிறார்கள்' என்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கருந்துளை தின்றால் ஏப்பம் விடும். விழுகிற வாயுவில் ஒரு பங்கு உள்ளே போவதற்குள் சூடேறி, கடுங்காற்றாக வெளியே பாயும். அந்தக் காற்று பட்ட மேகம் கொதித்துக் கலையும். விண்மீன் பிறக்க வேண்டுமென்றால் மேகம் குளிர வேண்டும். குளிர்ந்தால்தான் தன் எடையிலேயே சுருங்கித் தீப்பிடிக்கும். பெரிய பெரிய விண்மீன் மண்டலங்கள் பலவற்றின் கதை இதுதான். நடுவில் இருப்பது வயிறுமுட்டத் தின்ற காலத்தில் சுற்றிலும் விண்மீன் பிறப்பு நின்றுபோய், இருப்பவையெல்லாம் கிழடுதட்டிச் சிவந்து மங்கிக் கிடக்கின்றன. மறுகரையின் முன்னோர் இந்தச் சிறு மண்டலத்தைத் தேடி வந்ததற்குக் காரணமே, இங்கே நடுவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதுதான். தூங்கியவனை எழுப்பி உட்காரவைத்து ஊட்டியவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

ஊருக்கு ஒரு புதுச் சூரியன் தேவைப்பட்டது. இருந்த சூரியன் பழசு. அதன் வெளிச்சத்தில் விளையும் சோறு நாலாயிரம் பேருக்குத்தான் காணும். ஆகவே ஒருவர் போனால்தான் ஒருவர் பிறக்கலாம் என்று சட்டம். கருவான பிள்ளைகள் அறுநூறு பேர் கருக்காப்பகத்தின் குளிரறையில், உறைந்த துளிகளாக, முறை வரட்டும் என்று காத்துக்கிடந்தார்கள். ஊரின் பொறியாளர்கள் மேகத்தைச் சுற்றிக் குளிர்வலைகளை விரித்து வைத்திருந்தார்கள். படையலை இன்றே நிறுத்தினால் பன்னிரண்டு வருடத்தில் சூரியன் பற்றிக்கொள்ளும். இன்னும் சில வருடம் இப்படியே போனால், குளிரவைக்க மேகமே மிஞ்சாது. இதை அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். படையல் நாற்பத்தொரு குடும்பங்களின் உரிமை என்பதால், நிறுத்துவதா வேண்டாமா என்று அந்தக் குடும்பங்களே கூடி முடிவெடுக்க ஒரு நாள் குறித்தார்கள்.

விளிம்புக்கண்ணைப் பராமரிக்கும் வேலை வடிவாம்பாளுடையது. அவளுடைய மகன் நலங்கிள்ளி இருபத்திரண்டு வயதில் அந்தத் தோணியில் போனவன். அவளுடைய மகள் மாதரசியின் பிள்ளை குளிரறையில் பதினோரு வருடமாக இருந்தது. பெண் குழந்தை. ஆதிரை என்று பெயர்கூட வைத்தாயிற்று. வடிவு ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்: படையல் நிற்கக் கூடாது. ஆதிரை இன்னும் கொஞ்ச காலம் பொறுப்பாள், அவளுக்குப் பசி என்றால் என்னவென்று தெரியாது, நலங்கிள்ளிக்குத் தெரியும். இப்படி ஒரு நியாயத்தை அவள் வைத்திருந்தாள். பெற்ற மனசுக்கு நியாயமா கிடைக்காது?

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மாதரசி காட்சிக்கூடத்துக்கு வந்தாள். எட்டு வருடமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள். பொறியாளர்கள் எழுதியதை அவள் வரி வரியாகச் சொன்னாள். வடிவு கருவியைத் துடைத்தபடியே எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். தனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது என்று மாதரசி சொன்னாள். அதற்கும் ஒரு 'ம்'. அழுகையை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியவள், திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, கிள்ளி நமக்கு முதுகைக் காட்டித்தானே நின்னான்?"

வடிவின் கை நின்றது. உண்மைதான். தோணி விழுந்த அன்று, கடைசியாக ஒரு தரம் முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவனுடைய பின்னங்கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதவர்கள் அவர்கள். இப்போது திரையில் நலங்கிள்ளி நேராக நின்று, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டுமல்ல. நாற்பத்தொரு பேரும் கண்ணாடியோடு ஒட்டி நின்று, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறைந்து நிற்பவர்கள் எப்படித் திரும்புவார்கள்? தினமும் பார்க்கிற கண்ணுக்குப் பிள்ளை வளர்வது தெரியாதே, அப்படி இதுவும் வடிவுக்குத் தெரியாமல் போயிருந்தது. மாதரசி அங்கே நிற்க முடியாமல் போய்விட்டாள். வடிவு, இத்தனை வருடம் துணை என்று நினைத்த முகங்களோடு தனியாக இருக்க முதல்முறையாகப் பயந்தாள்.

விளிம்புக்கண்ணுக்குப் பேசத் தெரியும். கேட்டால் பதில் சொல்லும். பத்தொன்பது வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை. வடிவு கேட்டாள்.

"தோணியிலிருந்து கடைசி ஒளித்துளி வந்தது பதினோராம் நாள்" என்றது கருவி. "விளிம்பை நெருங்கும் ஒளி மங்கிக்கொண்டே வந்து அற்றுப்போகும். அதன் பிறகு எதுவும் வரவில்லை."

"அப்போ இவ்வளவு நாளா நான் பார்த்தது என்ன?"

"நான் வரைந்தது. பன்னிரண்டாம் நாள் திரை இருண்டது. எதையாவது பண்ணி என் பிள்ளையைக் காட்டு என்று சொன்னீர்கள். காட்டினேன்."

முகம் ஏன் திரும்பியது என்று அவள் கேட்டாள். முகம் தெரிந்தவர்களின் வீட்டார் அதிக நேரம் நின்றார்கள், முதுகு தெரிந்தவர்களின் வீட்டார் சீக்கிரம் போய்விட்டார்கள், அதனால் எல்லாரையும் ஆண்டுக்குக் கொஞ்சமாகத் திருப்பினேன் என்று கருவி சொன்னது. அதன் குரலில் குற்ற உணர்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை. வடிவு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு மகன் அன்றுதான் செத்தான்.

கூட்டத்தன்று அவள்தான் முதலில் எழுந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. திரையில் இருப்பது தோணி இல்லை, அது போய்ப் பத்தொன்பது வருடமாகிறது, வரைந்து காட்டச் சொன்னவள் நான்தான் என்று சொல்லி, வெடிக்கப்போகும் கூச்சலுக்குத் தயாராக நின்றாள். யாரும் கூச்சல் போடவில்லை. சிலர் செருப்பைப் பார்த்தார்கள். சிலர் கூரையைப் பார்த்தார்கள்.

ஊர்த்தலைவர் அறவாழி மட்டும் தொண்டையைச் செருமினார். அவருடைய மனைவி தோணியில் போனவள்.

"எங்க வீட்டம்மாவுக்கு முன்பல் ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு, தங்கச்சி. ஆறாவது வருஷம் அது முளைச்சிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

அதன் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவருடைய அண்ணனுக்கு வழுக்கை மறைந்திருந்தது. இன்னொருவருடைய கணவன், கல்யாணமான நாள் முதல் சிரித்து அறியாதவன், திரையில் சிரிக்க ஆரம்பித்து ஏழு வருடமாகிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்திருக்கிறார்கள். தெரிந்துமா அமாவாசை தவறாமல் இழுத்தீர்கள் என்று வடிவு கேட்டாள். நாற்பது பேருக்குப் போட்டு, நம் வீட்டு ஆள் மட்டும் வெறும் வாயோடு நிற்கும்படி எப்படி விடுவது என்று அறவாழி மெதுவாகச் சொன்னார்.

வடிவு விடவில்லை. வரைகிற படத்துக்கு நடுவனின் வெளிச்சமே வேண்டாமே, படம் பாட்டுக்குத் திரையில் இருக்கட்டும், வந்து பார்த்துவிட்டுப் போவோம், கவளத்தை மட்டும் நிறுத்துவோம், மேகம் பிழைத்துக்கொள்ளும், பிள்ளைகள் பிறக்கட்டும் என்று கெஞ்சினாள். இதைவிட எளிய வழி உலகத்தில் உண்டா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதைக் கேட்டதும்தான் கூட்டம் முகம் சுளித்தது.

"வந்து மூஞ்சியப் பார்த்துட்டு, ஒரு வாய் போடாமத் திரும்பினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க, வடிவக்கா?" என்றாள் சுடர்க்கொடி. அண்ணனைப் பறிகொடுத்தவள், அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர் குளிரறையில் இருந்தார்கள்.

அந்த நாலு பேர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூமியை விட்டு எத்தனையோ கோடி ஒளியாண்டு தள்ளி வந்த பிறகும், அந்த நாலு பேர் கப்பலில் இடம் பிடித்துக் கூடவே வந்து சேர்ந்திருந்தார்கள். கை தூக்கச் சொன்னபோது, படையல் தொடர வேண்டும் என்று முப்பத்து மூன்று கை எழுந்தது. நிறுத்தலாம் என்று எட்டு. எட்டில் ஒன்று வடிவுடையது.

அறுநூறு பிள்ளைகளின் பெற்றோருக்கும் மனக்கஷ்டம் என்பது ஊர்ச்சபைக்குத் தெரியாமல் இல்லை. மூன்று மாதத்தில் அவர்களுக்கும் ஒரு வழி செய்தார்கள். பிறக்காத பிள்ளைகளையும் விளிம்புக்கண் வரைந்து காட்டும். பிறந்திருந்தால் இன்று எந்த வயதோ அந்த வயதில் காட்டும், வருடா வருடம் வளர்த்தும் காட்டும். பக்கத்திலேயே இரண்டாவது திரை வைத்தார்கள். அதற்குக் கீழேயும் ஒரு கைப்பிடி வைத்தார்கள். மாதரசிக்கு நான்கு முறை அழைப்பு வந்தது. நான்கையும் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது முறை, சும்மா ஒருதரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அம்மாவைத் துணைக்கு அழைத்தாள். அப்படியெல்லாம் போகக் கூடாது என்று வடிவு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிறகு, மகளைத் தனியாக அனுப்ப மனம் இல்லாமல் கூடப் போனாள்.

அன்று அமாவாசை. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். திரை துலங்கியது. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி இரட்டைப் பின்னலோடு நின்றாள். முதல் நாளிலேயே முகம் நேராக இருந்தது. கருவிக்கு இப்போது அனுபவம் உண்டு. மூக்கு வடிவுடைய மூக்கு. புருவம் நலங்கிள்ளியுடைய புருவம்.

மாதரசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கால்ல, அம்மா?"

இது வெறும் படம் என்பது அந்த ஊரில் மற்ற எல்லாரையும்விட வடிவுக்கு நன்றாகத் தெரியும். கைப்பிடியை இழுத்தால் எந்த மேகத்திலிருந்து எடுப்பார்கள் என்பதும் தெரியும். அவள் ஆதிரையைப் பார்த்தாள். ஆதிரை அவளைப் பார்த்தாள்.

"ரெண்டாப் போடு" என்றாள் வடிவு.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் அதைக் கவனித்தார்கள். அடுத்த அமாவாசைக்கு எல்லா வீட்டிலும் இரண்டு கவளம்.