விளக்கு விழுங்கிய ஒன்பது குச்சிகள்

காலை 7.10. பென்த்ரே ஊரின் ஒரு பள்ளி. ஐந்தாம் வகுப்பில் மூங்கில் குச்சிகளைக் காணோம்!

அன்று மாலை நிலாத் திருவிழா. நான்கு குழு, குழுவுக்கு மூன்று நட்சத்திர விளக்கு, விளக்குக்குப் பத்துக் குச்சி. ஆக நூற்றிருபது என்று ஹான் டீச்சர் கரும்பலகையில் கணக்குப் போட்டு, அளவாக வெட்டிய குச்சிகளை எண்ணி வாங்கியிருந்தார். மூன்று குழுக்கள் நேற்றே முடித்துவிட்டன. நான்காவது குழுவுக்கு முப்பது மிஞ்ச வேண்டும். இருந்ததோ இருபத்தொன்று.

“வகுப்புச் சாவி க்வாகிட்டதானே இருந்துச்சு? திருடன் சிங்கத் தலை போட்டு ஆடலாமா டீச்சர்?” துணி சுற்றிய கட்டைவிரலை ஆட்டி ஆட்டிக் கத்தினான் முதல் குழுத் தலைவன் தோவான்.

மாலையில் சிங்கத் தலை மாட்டி ஆடவிருந்த க்வாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்று மாதமாகப் பழகிய சிங்க ஆட்டம்!

“எட்டு மணிக்குள்ள குச்சி வரலேன்னா சிங்கத் தலை தோவானுக்கு,” என்றார் டீச்சர்.

கணக்கில் புலியான வகுப்புத் தோழி தியெமுக்கு ரத்தம் கொதித்தது. க்வா திருடுகிறவன் இல்லை. பிறகு கணக்கு எங்கே உதைக்கிறது?

7.25. முடிந்த ஒன்பது விளக்குகளையும் தடவி எண்ணினாள். முன்பக்க நட்சத்திரத்துக்கு ஐந்து, பின்பக்க நட்சத்திரத்துக்கு ஐந்து. சரியாக இருந்தது. ஒன்றை அமுக்கினாள். அமுங்கவில்லை.

“டீச்சர், ரெண்டு நட்சத்திரமும் ஒட்டாம நடுவுல நிறுத்துறது எது?”

“அஞ்சு குட்டைக் குச்சிடி. கழிஞ்ச துண்டுல வெட்டுறது. அதை யாரு எண்ணுவா?”

“அளவா வெட்டி வாங்கின குச்சில கழிவு ஏது டீச்சர்? தோவான், குட்டைக் குச்சியெல்லாம் நீதானே வெட்டிக் குடுத்தே?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“எத்தனை?”

“நாப்பத்தஞ்சு.”

“ஒரு நீளக் குச்சில எத்தனை வரும்?”

தோவானின் கட்டைவிரல் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. தியெம் ஒரு நீளக் குச்சியை விளக்குக்குள் இருந்த குட்டைக் குச்சியோடு வைத்து அளந்தாள்.

“அஞ்சு! நாப்பத்தஞ்சை அஞ்சால வகுத்தா ஒன்பது! குச்சி எங்கேயும் போகல டீச்சர், விளக்குக்குள்ள இருக்கு. வெட்டினவனுக்கு அது தெரியும். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு க்வாவைத் திருடன்னு சொல்லிட்டான்!”

வகுப்பே துள்ளிக் குதித்தது. டீச்சர் வெட்கத்தோடு பத்தை அழித்துப் பதினொன்று என்று எழுதினார். “முதல் தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுப்பா க்வா.” இன்னும் பன்னிரண்டு குச்சி வாங்க ஆள் ஓடியது.

தோவான் அழுதுகொண்டிருந்தான். “ஒரு தடவையாவது சிங்கம் ஆடணும்னு ஆசைடா...”

க்வா அவனை முறைத்தான்.

“சிங்கத்துக்குப் பின்னால வாலா ஆட ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். முகமே வெளிய தெரியாது, முழுக்கக் குனிஞ்சே ஆடணும். முடியுமா?”

தோவான் அந்த இடத்திலேயே குனிந்து நின்றான்.