நனையாத தலை

நாகூர் கனியின் தலைமுடி நனைந்திருக்கவில்லை.

அறுபத்தாறாம் வருஷத்து அடைமழையில் சாக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய் கடல் மாதிரி நிறைந்து, நடுவில் கிடந்த மண்திட்டு தீவாகி நின்றது. பொழுது சாய்வதற்குள் நீந்திப் போய்த் திட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கூட்டாளிகளுக்குள் பந்தயம். முத்துராமலிங்கம் காய்ச்சல் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கனிக்கு நீச்சல் அரைகுறை. அதனால் கோட்டைச்சாமிதான் மிதப்புக்கு அவன் வயிற்றில் இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கைகளை வைத்து, கயிற்றைக் கிணற்று வாளிக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கிவிட்டான். "நீ முங்கிட்டா உங்கம்மாவுக்கு யாருடா பதில் சொல்றது?" என்று கேலியும் பண்ணினான்.

வழி நெடுகக் கனி பின்னால்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். கோட்டைச்சாமி கையூன்றித் திட்டில் ஏறிப் பார்த்தால், கருவேல மரத்தடியில் அவனுக்கு முன்னமே கனி உட்கார்ந்திருக்கிறான்.

"எப்படா வந்தே? குடுக்கை எங்க?"

"கழட்டிப் போட்டுட்டேன் மாப்ளே."

குரல் கனியுடையதுதான். ஆனால் மரம் கொள்ளாமல் அடைந்திருந்த கொக்குகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. மழை ஈரத்தின் வாடையையும் மீறி, வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஒரு நாற்றம் அவன் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது.

அப்போது தண்ணீரில் சளப் சளப்பென்று சத்தம். மங்கலில் ஒரு தலை.

"மாப்ளே... கையக் குடுடா... முடியல."

அதுவும் கனியின் குரல்.

மரத்தடியில் இருந்தவன் ஒரு செம்புறாங்கல்லை எடுத்துக் கோட்டைச்சாமியின் கையில் திணித்தான். "ஏற விட்றாத. எங்கொரல்ல பேசுது பாரு. அடி."

பயம் யோசிக்க விடவில்லை. திட்டின் விளிம்பைப் பற்றிய விரல்களின் மேல் ஓங்கி அடித்தான்.

"நாந்தான்டா! கனிடா!"

நெற்றியில் அடித்தான். வாயில் அடித்தான். பல் தெறித்தது. மறுபடியும். மறுபடியும். குரல் ரத்தத்தில் கொப்பளித்து அடங்கியது.

உடம்பு மெல்லப் புரண்டது. வயிற்றில் இரண்டு குடுக்கைகள். அவன் போட்ட முடிச்சு.

கல்லை எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதித்தான். கனியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். அழத் தெரியவில்லை அவனுக்கு. கையிலிருந்தது முகமாகவே இல்லை.

திட்டிலிருந்து ஒரு கூப்பாடு எழுந்தது. கோட்டைச்சாமியின் குரல்.

"முத்துராமு! கனிக்கு அடிபட்டுருச்சுடா! வெரசா வாடா!"

தூரத்துக் கரையில் முத்துராமலிங்கம் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

வராதே என்று கத்தக் கோட்டைச்சாமி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். மரத்தடியில், அவனுடைய முகத்தோடு அது உட்கார்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது.

அதன் மடியில் இன்னொரு கல்.