சுடுதண்ணீர் லைன்

“அந்தச் சுவர உடைங்கப்பா.”

சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

“சுவரு உன்ன என்ன பண்ணுச்சு?”

“சுடுதண்ணி வரமாட்டேங்குது.”

ஒரு மாதமாக இதே கதைதான். பச்சைத்தண்ணீர் கொட்டுகிறது, சுடுதண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து நூலாகி, அந்த நூலும் நடுங்கி, குழாயை மூடிய பிறகும் குளியலறைச் சுவருக்குள் யாரோ ஈரத்துணியை மெல்லப் பிழிவதுபோல ஒரு முறுக்கும் சத்தமும் வேகும் பிளாஸ்டிக்கின் தித்திப்பு நாற்றமும் மிஞ்சின. கீசரைக் கழற்றிப் பார்த்தாள். உப்பு படியவில்லை. குழாயைக் கழற்றினாள். அடைப்பு இல்லை. மிச்சம், சுவருக்குள் ஓடும் அந்த நாலடிதான்.

அந்த நாலடி முன்பு வெளியே தெரியும். பக்கெட் வைக்கிற ஆளுயர மாடத்துக்குள் ஓடியது. சின்ன வயதில் அக்காவும் அவளும் ஒளிந்து விளையாடிய இடம். நான்கு வருடத்துக்கு முன், ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன அக்கா ‘ஓடிப்போன’ அதே வாரம், அப்பா தனியாளாக மாடத்தைச் செங்கல் வைத்து மூடி டைல்ஸ் ஒட்டினார். ஹாஸ்டலிலிருந்து வந்தவளிடம் கரப்பான் தொல்லை என்றார். நம்பினாள். படித்தவள்தானே.

“இன்ஜினியரம்மா எனக்குப் பைப்பு சொல்லித்தர வந்துட்டாங்க. முப்பது வருஷமா இதாண்டி என் சோறு.”

“அதனாலதான் கேக்குறேன். சுடுதண்ணிக்கு சூடு தாங்குற சி.பி.வி.சி. பைப்பு இல்லன்னா வேலையே எடுக்கமாட்டீங்க. வாஷிங் மெஷினுக்கு ரப்பர் டியூப் மாட்டுனவன செருப்பால அடிக்கணும்பீங்க. நம்ம கீசருக்குக் கீழ மட்டும் வெள்ள பி.வி.சி. சுவத்துக்குள்ள போகுது. பச்சத்தண்ணி பைப்பு. சூடு பட்டா இளகிரும்னு உங்களுக்குத் தெரியாதா? மாடத்த மூடுன அன்னைக்கு என்னப்பா அப்படி அவசரம்?”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

அம்மா சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்டி. நீயாவது இருக்கேன்னுதான் நான் வாய மூடிட்டுக் கெடக்குறேன்.”

நீயாவது.

அப்பாவின் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். குளியலறைக்குள் நுழைந்தாள். மதிய வெயில் டைல்ஸில் பளபளத்தது. காலையில் திறந்துவிட்ட சுடுதண்ணீர் இன்னும் நூலாக வாளியில் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி.

முதல் அடி. டைல்ஸ் விரிந்தது.

இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது பைப் ரிஞ்ச் அவள் இடது தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. திரும்பவில்லை. ஒரு கையால் அடித்தாள். அப்பா மறுபடி ஓங்கினார். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். ரிஞ்ச் அம்மாவின் முதுகில் விழுந்தது. அவள் தோளின் ரத்தம் முழங்கை வழியாக வாளிக்குள் சொட்டியது. அடித்தாள். அடித்தாள்.

செங்கல் உள்ளே சரிந்தது.

புழுக்கம். முடி. மக்கிப்போன நீலத் துணி. அக்காவுடையது.

“மூடும்போது மூச்சு இல்ல,” என்றார் அப்பா. தரையில் உட்கார்ந்துவிட்டார். “சத்தியமா இல்ல. ரெண்டு தடவ பாத்தேன்.”

அவள் பைப்பைப் பார்த்தாள்.

வெறும் எலும்பாகிப்போன ஒரு கை அதைப் பிடித்திருந்தது. இளகிய வெள்ளை பைப்பில் ஐந்து பள்ளங்கள். ஐந்து விரலும் ஆழப் பதிந்து, பைப்பின் நடு, ஊதிக் கட்டிய பலூன் கழுத்தாகச் சிறுத்திருந்தது. சி.பி.வி.சி. போட்டிருந்தால் இந்தத் தடம் விழுந்திருக்காது. நான்கு வருடம் நன்றாக வந்த தண்ணீர். ஒரு மாதமாகத்தான் மெலிந்தது.

அதே முறுக்கும் சத்தம். அவள் கண்ணெதிரே.

பெருவிரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

சுத்தியலைக் கீழே வைத்தாள். அம்மாவை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் தெருமுனையில்தான். நடந்துவிடலாம்.

“எங்கடி போற?” அப்பாவின் குரல் உடைந்தது. “என்னை இதோட தனியா விட்டுட்டுப் போகாத.”

வாசற்கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.

உள்ளே, வாளியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் அப்பாவின் குரல், யாருடனோ பேசுவதுபோல.

அவள் படியிறங்கினாள்.