எட்டிப் பார்த்தவன்

"நில்லுங்க... அந்த என்டரை அழுத்தாதீங்க."

குரல் கேட்டதும் அவளுடைய விரல் அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். நூலகத்தின் பக்கத்து மேசையிலிருந்து ஒருவன் கழுத்தை நீட்டி அவளுடைய லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்ற உயரம். வெளியே கொட்டும் மழையில் மாட்டியவன் போலிருக்கிறது, முன்முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. ஒட்டகச்சிவிங்கி... என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள்.

"அடுத்தவங்க திரையை எட்டிப் பாக்கறதுதான் உங்க வேலையா?"

"இல்ல. ஆனா நீங்க அதைத் தட்டியிருந்தா இந்நேரம் அழுதுட்டு இருப்பீங்க."

கோபம் சுர்ரென்று ஏறியது அவளுக்கு. ஆனால் அவன் கேலி செய்யவில்லை. பழைய ஜாவாவை நீக்குவதற்காக அவள் அடித்திருந்த கட்டளையில் நடுவே ஓர் இடைவெளி தவறாக விழுந்திருக்கிறது, அப்படியே விட்டால் ஜாவாவோடு மொத்த சிஸ்டமும் போய்விடும் என்று தணிந்த குரலில் சொன்னான். அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம். மெல்லிசாக ஒரு வெள்ளை இடம். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களின் பார்வையைச் சோதிக்கிறவள், தன் கண்ணெதிரே இருந்ததைக் கோட்டை விட்டிருந்தாள்.

நன்றி சொல்ல வாய் வரவில்லை. "சரி, வேற எப்படிப் பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

அது அவளுடைய அண்ணன் வேலைக்காக வெளியூர் போனபோது விட்டுப்போன லேப்டாப். அதில் இருந்தது லினக்ஸ். ஏதோ ஒரு பழைய இணையப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, ஜாவாவில் புரோகிராம் எழுதத் தேவையான டெவலப்மென்ட் கிட்டை நிறுவ அவள் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இருக்கும் ஜாவா அடுத்தவர் எழுதியதை ஓட்டத்தான் உதவும், சொந்தமாக எழுத இந்தக் கிட் வேண்டும் என்பதுவரை அவளுக்குப் புரிந்திருந்தது. மிச்சத்தை அவன் சொன்னான். எதையும் அழிக்க வேண்டியதில்லை, லினக்ஸுக்கென்று ஒரு களஞ்சியம் இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கேட்டால் அதுவே கொண்டுவந்து வைத்துவிடும் என்றான்.

சொன்னானே தவிர, கீபோர்டைத் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அதை அவள் கவனித்தாள். கோபம் பாதி அங்கேயே கரைந்துபோனது.

எழுத்துகள் திரையில் சரசரவென்று ஓடி நின்றன. எந்தப் பதிப்பு என்று கேட்டால் பழைய ஜாவாவே பதில் சொன்னது. முகம் சுருங்கியது அவளுக்கு. ரெண்டும் உள்ளே இருக்கிறது, யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்று அவன் இன்னொரு கட்டளையைச் சொல்லிக்கொடுத்தான். மறுபடி கேட்டாள். இந்த முறை புது எண் வந்தது.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். மழை ஓய்ந்து, ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் அந்தக் கண்களில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் சொல்ல வந்ததை மறந்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

எதற்காக இவ்வளவு பாடு என்று அவன் கேட்க, அப்பாவுக்காக என்றாள். துணிக்கடை வைத்திருந்தவர். வாயாலேயே வியாபாரம் செய்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பட்டனைத் தொட்டால் பேசும் மென்பொருள்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆனால் யாரோ ஒருத்தியின் குரலில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது சொன்னதும், அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா அப்படியா தண்ணீர் கேட்பார்? "அடியே, தொண்டை காயுது" என்றல்லவா கேட்பார். சித்தப்பாவுக்கு அச்சு அசலாக அப்பாவின் குரல். அவரைப் பேசச் சொல்லி, அப்பாவின் வார்த்தைகளையே பட்டன்களாக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அவன் தன் நாற்காலியை அவள் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்றும், வீட்டில் நெட் சரியில்லாததால் சனிக்கிழமைகளில் இங்கேதான் இருப்பேன் என்றும், சந்தேகம் வந்தால் கேட்கலாம் என்றும் சொன்னான்.

அவளுக்குச் சனிக்கிழமைதோறும் சந்தேகம் வந்தது.

அவன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிப்பதைப் பார்த்து, ஒருநாள் கடைக்கு வரவழைத்தாள். இருட்டறையில் அவன் முகத்துக்கு எதிரே முகம் வைத்து, கருவியின் சின்ன வெளிச்சத்தை அவன் கண்ணுக்குள் பாய்ச்சினாள். எத்தனையோ கண்களைப் பார்த்தவள்... இந்தப் பழுப்பு விழிகளுக்குள் தானே தெரிவதைப் பார்த்ததும் அளவைக் குறிக்க மறந்துபோனாள்.

"நேரா பாருங்க."

"நேராத்தான் பாக்கறேன்..."

"என்னை இல்ல. சுவத்தைப் பாருங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

புரோகிராம் வளர்ந்தது. ஒரு குறை மட்டும் இருந்தது. பட்டனைத் தொட்டால் குரல் உடனே வராமல் சற்றுத் தயங்கி வந்தது. அந்தத் தயக்கத்தில் அப்பா பொறுமையிழந்து மறுபடி மறுபடி அழுத்தினார். ஒருநாள் அழுத்துவதையே நிறுத்திவிட்டார். அன்று அவள் வாடிப்போய் வந்து அவனிடம் சொன்னாள். ஒரு பிரதி கொடுங்கள், பார்க்கிறேன் என்று வாங்கிப்போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் தன் லேப்டாப்பில் திறந்து காட்டியதை அவள் ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தாள். புது வண்ணம், பெரிய பட்டன்கள், தொட்டவுடன் குரல். எல்லாமே கச்சிதம். அவள் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை.

"நல்லாயிருக்கு," என்றாள். "ஆனா இது என்னோடது இல்ல."

"அப்பா காத்துட்டு இருக்காரேன்னுதான்..."

"எனக்காக எங்கப்பா காத்திருப்பாரு. உங்களுக்குத்தான் பொறுமை இல்ல."

தன்னுடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ...

அதன் பிறகு நூலகத்தின் பக்கமே போகவில்லை. ரோஷம். கடை முடிந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து தானே மல்லுக்கட்டினாள். அவன் எப்படிச் செய்தான் என்று கேட்கக் கூடாது என்று ஒரு வீம்பு. கடைசியில் பிடிபட்டது. ஒவ்வொரு முறை தொடும்போதும் குரலைப் புதிதாகத் தேடி எடுக்க வைத்திருந்தாள். தொடக்கத்திலேயே எல்லாக் குரல்களையும் எடுத்துத் தயாராக வைத்துவிட்டால் போதும். வைத்தாள். தயக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் மடியில் அதை வைத்தாள். அவர் நம்பிக்கையில்லாமல் ஒரு விரலை நீட்டினார். அம்மா அப்போது மாத்திரை சாப்பிடச் சொல்லி விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும், விடு," என்றது அப்பாவின் குரல்.

அம்மா அப்படியே நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சு வந்ததும் வராததுமாக அதிகாரத்தைப் பாரு என்றாள். அப்பா மறுபடி அதே பட்டனைத் தொட்டார். கோணிய உதட்டோடு சிரித்தார்.

மகளுக்கு நெஞ்சு நிறைந்து தளும்பியது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அண்ணனுக்குப் போன் செய்தாள், சித்தப்பாவுக்குச் சொன்னாள். தளும்பல் அடங்கவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லை என்று புரிந்தபோது, அவளுக்கே திக்கென்றது.

சனிக்கிழமை போனாள். அவன் இருந்தான். அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கண்ணாடியோடு. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அதை அன்னிக்கே அழிச்சிட்டேன்," என்றான். "தப்பு என்மேலதான். உங்கப்பாவுக்காகன்னு சொன்னேன். அது முழு உண்மை இல்ல. நீங்க வாடியிருந்ததைப் பாக்க முடியல. அவ்வளவுதான்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். குறையைத் தானே கண்டுபிடித்ததைச் சொன்னாள். அப்பா அம்மாவை அதட்டியதைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. அதில் துளிகூடப் பொறாமை இல்லை. அவளை மிஞ்ச நினைத்தவன் இல்லை இவன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வீட்டுக்கு வரீங்களா? அப்பா உங்களப் பாக்கணுமாம்."

"அவரே சொன்னாரா?" என்று ஆச்சரியமாகக் கேட்டான். "அதுக்கும் பட்டன் வச்சிருக்கீங்களா?"

அவள் தலை குனிந்தாள். மேசையின் விளிம்பை விரல் தடவிக்கொண்டிருந்தது.

"இல்ல... அப்பா ஒண்ணும் சொல்லல. நான்தான் கூப்பிடறேன்." மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரோஷத்துல வராம இருந்தேனே... ஒருநாள்கூட நிம்மதியா இல்ல."

அவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"வாங்க, போலாம்," என்றான் மெல்ல. "பஸ்ல போகும்போது நானும் சொல்றேன். எனக்கு நிறைய இருக்கு... நின்னு சொன்னா முடியாது."