வெறுங்குடுவையின் சாட்சியம்

கொலையுண்டவருக்கு வயது நூற்றறுபது கோடி. நிறம் கறுப்பு. எடை ஒன்றரைக் கிலோ. பிணம் கண்டெடுக்கப்பட்ட இடம், ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கணினித் திரை. நேரம், காலை 9.10.

முதலில் பார்த்தவர் கோடு மேடம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். கொலையுண்டது ஒரு கல். அவ்வளவு பழைய கல்லுக்குள் எலும்பு இருக்காது. ஆனால் கடலடிச் சேற்றோடு புதைந்த உயிர்களின் கொழுப்பும் மெழுகும் உடைந்து நொறுங்கி, மூலக்கூறுகளாக மிச்சமிருக்கும். கருவி அவற்றை நீளவாரியாகப் பிரித்துக் கோடு கோடாக வரையும். அந்தக் கோடுகளைப் பார்த்து, இது பாசி, இது பாக்டீரியா என்று ஆள் அடையாளம் சொல்வது மேடத்தின் வேலை.

இன்றைய கோடுகள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று மாறி மாறி நின்றன. ஒன்றுவிட்டு ஒரு பல் உடைந்த சீப்பு. புது மெழுகு அப்படித்தான் இருக்கும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்தால்தான் எல்லாப் பல்லும் சமமாகும். சமத்துவம் வர அவ்வளவு காலம் பிடிக்கிறது.

"இது நேத்து பொறந்த மெழுகு. கல்லோடது இல்லை, வெளியே இருந்து ஒட்டினது," என்றார் மேடம், திரையிடம்.

9.25. இயக்குநர் வந்தார். மாலை நான்கு மணிக்குப் பத்திரிகையாளர் கூட்டம். சோதனை முடிவு வருவதற்கு முன்பே அழைப்பிதழ் வந்துவிட்டது. முடிவு அழைப்பிதழுக்குக் கட்டுப்படும் என்று நம்பும் பரம்பரை அவர். அட்டையில் 'உயிர் வரலாற்றில் ஒரு திருப்பம்' என்ற எழுத்துக்கு மேலே அவருடைய படம். இடது கையில் கல், கண்ணாடிபோல் வழவழவென்று பளபளத்தது. வலது கை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது. முந்நூறு பிரதிகள்.

திரையைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

"கல்லோட மேல்தோலை அறுத்துத் தள்ளியாச்சு. உள்கல்லைக் கையுறை இல்லாம யாரும் தொடலை. அப்ப மிச்சம் என்ன? குடுவை. குடுவை கழுவுறது யாரு? கை நிறையக் களிம்பு பூசிக்கிற அந்த அம்மா. மத்தியானம் கடிதம் குடுத்துடறேன். நாலு மணிக்கு நான் பதில் சொல்லியாகணும் இல்லையா?"

பதில் சொல்வது என்றால் அவர் அகராதியில் ஆள் காட்டுவது.

10.05. கழுவும் அறை. குடுவை அக்கா பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே நிற்கிறார். சோப்பும் கரைப்பானும் தின்று அவருடைய விரல்கள் வெடித்திருந்தன.

"களிம்பு எப்பப் போடுவீங்க அக்கா?"

"வீட்டுக்குப் போறப்ப, வாசல் தாண்டி. ஊர்ல யார்கிட்ட வேணா பொய் சொல்லலாம் மேடம். குடுவை விஷயத்துல உங்ககிட்ட முடியுமா? கோடு போட்டுக் காட்டிக் குடுத்துடுவீங்களே."

"வெறுங்குடுவை ஓட்டியிருந்தா இப்பவே தெரிஞ்சிருக்கும்."

இந்தத் தொழிலில் அது பழைய வழக்கம். கல்லே போடாத ஒரு காலிக் குடுவையை அதே கழுவல், அதே கரைப்பான், அதே கருவி வழியே அனுப்பிப் பார்ப்பார்கள். அதில் ஏதாவது கோடு எழுந்தால் அழுக்கு நம்முடையது. நாள் நெருங்குகிறது, ஒன்றுமில்லாததைச் சோதிக்க எதற்கு நேரம் என்று போன மாதம் அதை நிறுத்தியவர் இயக்குநர்.

அக்கா அலமாரியின் பின்னாலிருந்து, உலோகத்தாள் சுற்றிய குடுவை ஒன்றை எடுத்தார். மேலே தேதி. கல் சோதனைக்குக் கழுவிய அதே தேதி.

"ஓட்ட வேணாம்னுதான் சொன்னாங்க. எடுத்து வைக்க வேணாம்னு சொல்லலையே."

மேடம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

11.40. வெறுங்குடுவையின் கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. குடுவை நிரபராதி. கரைப்பானும் கருவியும்கூட. 12.30. அக்காவின் களிம்பைத் தனியே ஓட்டினார். யானை முதுகுபோல் ஒரே மேடு. சீப்பு இல்லை.

அப்படியானால் மெழுகு குடுவைக்கு வருமுன்பே கல்லில் ஏறியிருக்கிறது.

12.45. கல் அறுப்பவரை எல்லோரும் 'ரம்பம்' என்பார்கள். தொழில் ஒரு காரணம், வாய் இன்னொரு காரணம். இயக்குநருக்கு மச்சினன்.

"கல்லு வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"மேல பழுப்பா, சொரசொரன்னு. பழைய செருப்பு மாதிரி."

"தோலை எப்ப அறுத்தீங்க?"

"திங்கட்கிழமை. அறுத்து ரெண்டு பாதியாக்கினேன். ஒரு பாதியைப் பொடி பண்ணியாச்சு. மறுபாதி சுத்தின தாளைக்கூடப் பிரிக்காம பெட்டியில இருக்கு."

"போட்டோ?"

"அது முந்தின வெள்ளிக்கிழமை. மாமா... சார் கையில எடுத்தாலும் மேல்தோல்தானே, அறுத்தா போயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

ரம்பம் இவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மேடத்துக்கு அதுவே உறுத்தியது.

1.20. அக்கா கடிதத்தோடு வந்தார். "படிச்சு சொல்லுங்க மேடம். கண்ணு சரியாத் தெரியலை." கண்ணில் கோளாறு இல்லை, நீர் இருந்தது. மகளின் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு.

இன்றோடு வேலை இல்லை என்பதைக் கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் சொன்னது. கையெழுத்துக்குக் கீழே, போட்டவரின் கட்டைவிரல் பட்ட இடத்தில் காகிதம் எண்ணெய் குடித்ததுபோல் கண்ணாடியாகியிருந்தது. மேடம் கத்தரிக்கோலை எடுத்தார். கறைபட்ட துண்டு ஒன்று, கறையில்லாத மூலை ஒன்று.

"என்ன மேடம், வேலை போன கடிதத்தை வெட்டுறீங்க?"

"போச்சா இல்லையான்னு பார்க்கத்தான்."

3.05. இயக்குநர் பதினொரு பக்க உரையைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றார். மேடம் அழைப்பிதழை மேசையில் வைத்தார்.

"இதுல என்ன தெரியுது சார்?"

"நான்."

"அதேதான் சார். முந்நூறு பேருக்கு அனுப்பினோம், எல்லாரும் உங்களைத்தான் பார்த்தாங்க. யாரும் கல்லைப் பார்க்கலை. வந்தப்ப பழைய செருப்பு மாதிரி இருந்த கல்லு, படத்துல கண்ணாடி மாதிரி இருக்கு. ரம்பம் ஓடின வரிகூடத் தெரியுது. படம் எடுத்தது வெள்ளிக்கிழமை இல்லை, தோலை அறுத்த அப்புறம். கையில கையுறையும் இல்லை."

டம்ளர் தளும்பியது.

"கையில என்ன இருக்கு? சுத்தமான கை."

"மீசைக்கு என்ன போடுறீங்க சார்?"

"தேன்மெழுகு. அதுக்கென்ன?"

மேடம் இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கல்லிலிருந்து வந்தது ஒன்று. கடிதக் கறையிலிருந்து வந்தது இன்னொன்று. பல்லுக்குப் பல் பொருந்தியது. கறையில்லாத மூலையில் அப்படி ஒன்றும் இல்லை.

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இங்கே மண்ணில் மீசை ஒட்டியிருந்தது.

இயக்குநரின் கை வழக்கம்போல் மேலே கிளம்பி, பாதி வழியில் நின்றது.

"மாப்ளே, நீ பார்த்துட்டுத்தானே இருந்தே?"

"பார்த்தேன் மாமா. போட்டோக்காரர் முறுக்குங்கன்னார், நீங்க முறுக்கினீங்க. அதே கையால, பொடி பண்ண வச்சிருந்த பாதியைத் திருப்பித் திருப்பிக் காட்டினீங்க. நடுவுல நான் ஏதாவது சொல்லி, நீங்க வீட்ல போய்ச் சொல்லி, எங்கக்காகிட்ட யார் வாங்கிக் கட்டிக்கிறது?"

"நாலு மணிக்குக் குடுவை மேல பழியைப் போட்டிருந்தீங்கன்னா," என்றார் மேடம், "முதல் கேள்வியே வெறுங்குடுவை ஓட்டினீங்களான்னுதான் வந்திருக்கும். நீங்க நிறுத்தினதை அந்த அக்கா எடுத்து வச்சிருந்தாங்க. உங்க மானம் அந்தக் காலிக் குடுவைக்குள்ளதான் இருந்துச்சு சார்."

இயக்குநர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த சத்தம்கூடப் பணிவாக இருந்தது.

4.00. கூட்டம். பதினொரு பக்க உரை அறையிலேயே தங்கிவிட்டது. இயக்குநர் நான்கு வாக்கியம் பேசினார். கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கல்லைக் கெடுத்தது என் கை. மறுபாதி பத்திரமாக இருக்கிறது. அதைச் சந்தேகமில்லாமல் சோதிக்க வழி செய்துவைத்தவர் எங்கள் குடுவை அக்கா, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மறுநாள் இதழ்களில் இரண்டு அங்குலச் செய்தி. அவர் பணிக்காலத்திலேயே திருத்தம் தேவைப்படாத முதல் செய்தி.

5.15. கழுவும் அறையில் அக்கா மறுபாதிக்கான குடுவைகளை அலசிக்கொண்டிருந்தார். மேடம் பக்கத்தில் நின்று துடைத்தார், அது அவர் வேலை இல்லை.

"எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை மேடம்."

"எனக்கெதுக்கு? சாட்சி சொன்னது உங்க குடுவை."

"அதுல ஒண்ணுமே இல்லையே மேடம்."

"அதைத்தான் சொல்லுச்சு."

வாசலில் நிழல் விழுந்தது. இயக்குநர். மூக்குக்குக் கீழே பல ஆண்டுகளாக வெயில் படாத தோல் வெளுத்துத் தெரிந்தது. கையில், இரண்டு இடத்தில் வெட்டுப்பட்ட அந்தக் கடிதம். காலையில் 'அந்த அம்மா' என்றவர், இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்கா... இதைக் கிழிச்சுப் போடத்தான் வந்தேன். உங்களுக்கு எப்படி..."

"அதெல்லாம் இருக்கட்டும் சார்." அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரியைக் காட்டினார். "முதல்ல கையுறை போட்டுக்கிட்டு உள்ள வாங்க."

இயக்குநர் போட்டுக்கொண்டார். இரண்டு கையிலும்.