கைகளை உயர்த்தி நிற்கவும்

பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகும் படம் போகவில்லை.

அவள் மறுபடியும் அழுத்தினாள். திரையில் நின்ற வெளிறிய உருவம் அசையவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, கால்களை அகட்டி, முடியும் துணியும் இல்லாமல், முகம் இருக்கவேண்டிய இடத்தில் கணினி பூசிவிட்ட ஒரு மங்கல் வட்டத்தோடு அது நின்றது. விமானம் ஏற வரும் பெண்கள் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து கையைத் தூக்கும்போதெல்லாம் இப்படி ஓர் உருவம் இவள் முன்னால் வந்து நிற்கும். ஒன்றுமில்லை என்றால் பச்சை. ஏதாவது இருந்தால் சிவப்பு. எதை அழுத்தினாலும் படம் அழிந்துவிடும். ஆறு வருடமாக அழிந்துகொண்டுதான் இருந்தது.

வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"ஆளை அனுப்பியாச்சா? படம் அப்படியே நிக்குது."

"எந்த ஆள் மேடம்?" கூண்டருகே நிற்கும் காவல் பெண்ணின் குரல் கொட்டாவியோடு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "மத்தியானத்துலேர்ந்து க்யூவே காலி. நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

திரும்பிப் பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. கணினியின் விசிறி மட்டும் ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில், மூடிய அறையின் பழைய காற்றில், எங்கிருந்தோ மெல்லிய முகப்பவுடர் வாசனை வந்தது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஊழியர்கள் அதைக் குகை என்பார்கள். ஒரு நாற்காலி, ஒரு திரை, இரண்டு பொத்தான்கள். கைப்பேசிக்கு அனுமதியில்லை. கதவுக்கு ஒரே சாவி; வேலையில் இருப்பவளின் கழுத்தில் அது தொங்கும். கூண்டின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: உங்கள் படத்தைப் பார்ப்பவர் உங்களைப் பார்க்கமாட்டார். உங்களைப் பார்ப்பவர் உங்கள் படத்தைப் பார்க்கமாட்டார். படம் சேமிக்கப்படாது. ஊர்பேர் தெரியாத பெண்கள் அந்த வாக்கை நம்பித்தான் கையைத் தூக்கினார்கள். உடம்புக்கு முகமில்லை, முகத்துக்கு உடம்பில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஏற்பாடு அவளுக்கு ஒருவகையில் கௌரவமாகக்கூடத் தோன்றியது.

பதினோரு நாளைக்கு முன்னால் வந்த படமும் இப்படித்தான் கைகளைத் தூக்கி நின்றது. இடது மார்பில் ஒரு விளிம்பு தெரிந்தது. சீரான, வட்டமான, உடம்பு ஒருபோதும் தானாகப் போடாத ஒரு கோடு. அது என்னவென்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. வீட்டில் அவளோடு இருக்கும் அக்காவுக்கு மூன்று வருடத்துக்கு முன் அறுவை செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் மார்பை, அக்காவுக்குக் கை வலிக்கும் நாட்களில், இவள்தான் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுப் பெட்டிக்குள் வைப்பாள். அக்கா அதற்கு வாடகைக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். "வாடகைக்காரிய படுக்க வச்சுட்டியா? மூடிய இறுக்கி மூடாத, பாவம், மூச்சு முட்டும்" என்பாள். சிரிப்பு அடங்கியதும் ஒருநாள் சொன்னாள்: "என்ன மாதிரி யாராவது வந்தா விட்டுடுடி. என்ன?"

"விடாம இருப்பேனா?" என்றாள் இவள்.

விடவில்லை.

அதற்கு முந்தைய மாதம், இவர்களைச் சோதிப்பதற்காகவே மேலிடம் முதுகில் பிளாஸ்டிக் கத்தியை ஒட்டி ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது. அசதியில் இவள் பச்சையை அழுத்திவிட்டாள். மேற்பார்வையாளர் எப்போதும் மணிக்கட்டையே பார்த்துப் பேசுவார். எல்லோரும் அவரைக் கடிகாரம் என்பார்கள். அன்றும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணு விட்டீங்கன்னா குகைல இல்லம்மா, வீட்டுலதான் உக்காரணும்" என்றார்.

இதுவும் சோதனைக்கு வந்தவளாக இருக்குமோ என்று நினைத்துத்தான் சிவப்பை அழுத்தினேன் என்று பதினோரு நாளாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். அப்படி நினைக்கவில்லை. வாடகைக்காரி என்று தெரியும். பச்சையின் மேல் விரல் போய்விட்டது. சிவப்பை அழுத்தினால் யாரும் தன்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. அவ்வளவுதான். விரல் இரண்டு அங்குலம் நகர்ந்தது.

அன்று கூண்டருகே காவலுக்கு நின்றவள் நெட்டை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. இவளை அக்கா என்று கூப்பிடும் ஒரே ஆள்.

"அக்கா, தொட்டுப் பாத்துட்டேன். ஆபரேஷன் பண்ணவங்க. அழறாங்க. விட்டுடட்டுமா?"

"துணிக்கு மேல பாத்தா போதாது. வெளிய எடுக்கச் சொல்லு. ட்ரேல வச்சு எக்ஸ்ரேல விடு."

"அக்கா... எல்லாரும் இருக்காங்கக்கா."

"சொன்னதச் செய்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படத்தைப் பார்ப்பவர் ஆளைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தே எழுந்துபோய்க் கதவை ஒரு சாண் திறந்தாள். ஏன் என்று இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரைச்சீலை மறைப்பிலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து இரண்டாம் முறை கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். நடுவயது. வெறுங்கால். தூக்கிய கைகளுக்குக் கீழே சட்டையின் ஒரு பக்கம் காற்றுப்போன மாதிரி தொங்கியது. பெல்ட்டில் ஒரு மடிக்கணினிக்கும் ஒரு ஜோடி காலணிக்கும் நடுவே சாம்பல் நிற ட்ரே நகர்ந்தது. அதற்குள் அது, பவுடர் படிந்து, யாருடையதும் இல்லாதது போல. வரிசையில் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் தலையைத் திருப்பிக் கதவின் இடுக்கைப் பார்த்தாள். கோபமில்லை. ஒரு முகவரியை மனப்பாடம் செய்பவளைப் போல நிதானமாகப் பார்த்தாள்.

இன்று மூன்று மணிக்குப் படம் திரும்ப வந்தது.

இந்த முறை இடது பக்கம் தட்டையாக இருந்தது. முகத்தின் மங்கல் வட்டம் நீராவி படிந்த கண்ணாடியை யாரோ உள்பக்கமிருந்து துடைப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பவுடர் வாசனை இப்போது தொண்டையில் ஒட்டியது. அவள் பச்சையை அழுத்தினாள், மீண்டும் அழுத்தினாள், பிறகு எதுவென்று பார்க்காமல் சிவப்பை அழுத்தினாள்.

"மேடம், இங்க சிவப்பு எரியுது," என்றாள் புதியவள். "ஆள் இல்லாம நான் யாரத் தடவிப் பாக்கறது? காத்தையா?"

"மெஷின் கோளாறு. அணைச்சுப் போடு."

"அணைச்சுதான் இருக்கு மேடம்."

படம் அதன் பிறகு போகவில்லை. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகு கூசியது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் உடை நழுவிவிட்டதோ என்று சந்தேகம் வரும்போது கூசுமே, அப்படி. ஆறு வருடத்தில் அந்த அறைக்குள் பார்க்கப்படும் உணர்வு அவளுக்கு வந்தது அதுவே முதல் தடவை. சுவரில் திரையின் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் நிழல் மட்டும்தான் இருக்கவேண்டும். அதற்குப் பின்னால் உயர்ந்த இரண்டு கைகளும் இருந்தன.

ஐந்து மணிக்கு விசாரணை. அவள் குகையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, நிர்வாகப் பகுதிக்குப் போகும் நீண்ட நடைபாதையில் நடந்தாள். அந்தப் பெண் புகார் கொடுத்திருந்தாள். வெளியே எடுக்கச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. அக்கா சொன்னாங்க என்றாள் நெட்டை. நான் இடத்தை மட்டும்தான் சொன்னேன் என்றாள் இவள். வாக்கிடாக்கிப் பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை. நெட்டையை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இன்று இவள் அதையே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் நெட்டைக்கு வேலை போய்விடும்.

கைப்பேசியில் நெட்டையின் செய்தி இருந்தது. 'அக்கா, எனக்காக எதுவும் சொல்ல வேணாம். நடந்தத மட்டும் சொல்லுங்க. போதும்.'

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"வரும்போது பவுடர் டப்பா ஒண்ணு வாங்கிட்டு வாடி. வாடகைக்காரிக்குத் தீந்துபோச்சு. அவ ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

"ம்."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அக்கா..."

"சொல்லு."

எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. நடைபாதையின் விளக்குகள் தலைக்கு மேல் ஒரே சீராக ரீங்கரித்தன. சொல்லிவிட்டால் பாதி இறங்கிவிடும். மீதியை உள்ளே போய் இறக்கிவிடலாம்.

"ஒண்ணுமில்ல. வேலை ஜாஸ்தி. வாங்கிட்டு வரேன்."

கடிகாரம் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். நான் அவ்வாறு எந்த அறிவுறுத்தலும் அளிக்கவில்லை. ஒரே வரி.

"படிச்சுப் பாத்துப் போடுங்க. பின்னாடி மாத்த முடியாது."

அவள் அந்தத் தாளை அல்ல, அவர் மணிக்கட்டையே பார்த்தாள். முள் நகர்ந்தது. அக்காவின் மாத்திரைகள், வீட்டு வாடகை, ஜன்னலில்லாத அந்த நாற்காலி. கையெழுத்துப் போட்டாள். தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு ரேகை பதிந்திருந்தது. கடிகாரம் அதை ஊதிவிட்டுத் தாளைக் கோப்புக்குள் வைத்தார்.

"பவுடரெல்லாம் பலமா இருக்கே," என்று சிரித்தார். "போங்க. முடிஞ்சுது."

அவள் அன்று முகத்துக்குப் பவுடர் போட்டிருக்கவில்லை.

கைப்பையும் சாப்பாட்டு டப்பாவும் குகைக்குள் இருந்தன. அவற்றை எடுக்கவேண்டுமானால் ஊழியர்களும் பயணிகளைப் போலக் கூண்டுக்குள் நின்றுதான் போகவேண்டும். கூடம் காலியாக இருந்தது. காலணியைக் கழற்றி ட்ரேயில் வைத்தாள். கழுத்திலிருந்த சாவியையும் வைத்தாள். அது பெல்ட்டில் ஏறி, ரப்பர் பட்டைகளை விலக்கிக்கொண்டு எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போனது.

"கையத் தூக்குங்க மேடம். சும்மா, சம்பிரதாயத்துக்கு," என்றாள் புதியவள்.

அவள் தரையில் வரைந்த பாதச் சுவடுகளின் மேல் நின்று கைகளை உயர்த்தினாள். தரை சில்லென்றிருந்தது. கண்ணாடிக்குள் எந்திரத்தின் கை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இனிப் பச்சை எரியவேண்டும்.

அப்போதுதான் உறைத்தது.

"பச்சைய யாரு அழுத்துவா?"

"உள்ள இருக்கறவங்கதான்."

"உள்ள யாரு?"

"மாத்து ஆள் போல. நான் பாக்கல. கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுதே."

தெரிந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அதன் நடுவில் இரண்டு பாதங்களின் நிழல்.

சாவி ஒன்றுதான்.

"நான் கைய இறக்கறேன்."

"இன்னும் விளக்கு வரல மேடம். அப்படியே நில்லுங்க."

இறக்கப் பார்த்தாள். கை வரவில்லை. தோள்கள் மரத்திருந்தன. மேலே, விரல்கள் தாமாக விரிந்து நின்றன. உள்ளே இருப்பவர் அவசரப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். துணியைத் தாண்டி. தோலைத் தாண்டி. பதினோரு நாளைத் தாண்டி.

சிவப்பு எரிந்தது.

புதியவளின் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. அதில் வந்த குரலை அவளுக்குத் தெரியும். குளிக்கும்போது தான் பாடும் குரல். சற்றுமுன் தொலைபேசியில் ஒண்ணுமில்ல என்ற குரல்.

"இடது மார்பு. துணிக்கு மேல பாத்தா போதாது. வெளிய எடுக்கச் சொல்லு."

புதியவள் வாக்கிடாக்கியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். "மேடம்... இது உங்க..."

"சொன்னதச் செய்," என்றது குரல்.

"வேணாம்," என்றாள் அவள். "சொல்லிடறேன். நாந்தான் சொன்னேன். நெட்டை இல்ல, நாந்தான்."

குகையின் கதவு ஒரு சாண் திறந்தது.

இடுக்கில் ஒரு முகம். மங்கல் வட்டம் போய் முழுவதும் தெளிந்த முகம். பதினோரு நாளைக்கு முன் பார்த்த அதே நிதானத்தோடு அது அவளைப் பார்த்தது.

பெல்ட் தானாக நகர ஆரம்பித்தது. ரப்பர் பட்டைகள் அசைந்தன. பவுடர் வாசனை. முதலில் ட்ரேயின் விளிம்பு வந்தது. பிறகு காலணிகள். சாவி. அவற்றுக்கு நடுவே, மெல்லிய வெள்ளைப்பொடி படிந்து, வட்டமாக, அது.

சிலிக்கான் இல்லை. மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவள் மூச்சோடு.

அவள் குனிந்து தன்னைப் பார்க்கவில்லை. சட்டையின் இடது பக்கத்தில் காற்றுப் புகுந்து துணி உடம்போடு ஒட்டுவதை மட்டும் உணர்ந்தாள். கைகள் உயர்ந்தே இருந்தன.