ராணியைக் கொடுத்த ஆட்டம்

நிலாக் குடியிருப்பின் சதுரங்க வகுப்புக்கு வருகிறவர்கள், வாசலில் செருப்பை விடுவதுபோல, காதுக்குப் பின்னால் இருக்கும் நினைவுச்சில்லைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பயிற்சியாளர் பொற்கொடியின் கண்டிப்பான விதி அது. உலகத்தில் இதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் அந்தச் சில்லுக்குள் இருந்தது. மாட்டிக்கொண்டு யார் யாரோடு ஆடினாலும் டிராதான். பார்க்க ஆளில்லாமல் சதுரங்கம் ஈயாடிக்கொண்டிருந்தது.

அவளுடைய மாணவர்கள் ரிஸ்வானாவும் எழிலனும் சில்லோடு டிரா செய்தே பதினாறு வயதுக்குள் கூட்டுப் பட்டங்களை வாரிக் குவித்தவர்கள். சில்லைக் கழற்றினால் மட்டும் பத்து நகர்த்தலுக்குள் கைகுலுக்கி டிரா செய்துகொள்வார்கள்.

"கணக்குப் போட்டு ஆட உங்களுக்கு நான் வேண்டாம். கணக்கு தீர்ந்துபோற இடத்துல என்ன பண்றீங்கங்கறதுதான் பாடம்" என்றாள் பொற்கொடி.

அதற்கு உதாரணமாக, பூமியில் மதுரையில் தான் வென்ற இறுதி ஆட்டத்தைக் காய் காயாக வைத்துக் காட்டினாள். அன்று வெளியே மழை. மின்விசிறி கடகடத்தது. கன்னத்தில் கைவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏதோ தோன்றியது, ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன எதிராளி பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.  அந்த மழைக்காகவும் அந்தத் தைரியத்துக்காகவும் அவள் ஏங்காத நாளில்லை.

குடியிருப்புக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. ஊர் பார்க்க நடக்கும் சில்லில்லாத காட்சி ஆட்டத்தில் யாராவது ஜெயிக்க வேண்டும். அதுவும் டிரா என்றால் வகுப்பை மூடி அறையில் கீரை விதைத்துவிடுவார்கள்.

ஆட்ட நாளன்று ரிஸ்வானாவும் எழிலனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் கண்ஜாடை காட்டிவிடக் கூடாதென்று பலகையை அவள் பக்கம் தடுப்பு வைத்து மறைத்திருந்தார்கள். முகங்கள் மட்டும் தெரிந்தன. ரிஸ்வானா கன்னத்தில் கைவைத்தாள். வெகுநேரம் யோசித்தாள். எதையோ நகர்த்தினாள். டீயை வாய்க்குக் கொண்டுபோன எழிலன் பாதியில் நிறுத்திக் கீழே வைத்தான். சற்று நேரத்தில் அரங்கம் ஆர்ப்பரித்தது. ரிஸ்வானா ஜெயித்துவிட்டாள்!

பொற்கொடி அழுதேவிட்டாள். மனுஷப் பிள்ளைகள் கடைசியில் மனுஷராக ஆடிவிட்டார்கள். ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். மதுரை ஆட்டம். கடைசிச் சிப்பாய் வரை அதே ஆட்டம்.

"சொந்தமா ஆட பயமா இருந்துச்சு மிஸ்" என்றாள் ரிஸ்வானா. "அதான் நீங்க காட்டின ஆட்டத்தையே மனப்பாடம் பண்ணிட்டோம். சில்லே இல்லாம!"

"சீட்டுப் போட்டுப் பாத்தோம், எனக்குத் தோக்கற பக்கம் விழுந்துச்சு. டீயக்கூட விடல மிஸ், கவனிச்சீங்களா?" என்றான் எழிலன் பெருமையாக.

பொற்கொடிக்குத் திட்டவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. வகுப்பு பிழைத்துவிட்டது. பிள்ளைகளைச் சேர்க்க வாசலில் அதற்குள் பெற்றோர் கூட்டம் முண்டியடித்தது. முன்னால் நின்ற அம்மா, மகளின் காதிலிருந்து சில்லைத் தானே கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மிஸ், எல்லாத்தையும் படிக்க புள்ளைக்கு நேரமில்ல. எந்தெந்த ஆட்டம் முக்கியம்னு மட்டும் குறிச்சுக் குடுத்துடுங்களேன்."